பச்சைப் பொடி மட்டும் போதாது, நீலத்தையும் எடுங்கள்

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கான பாலிஅனிலினை அகச்சிவப்பு ஒளியில் சோதிப்பது பற்றித்தான் இது; முதலில் பெல்லட், அதாவது சோதிக்கும் பொடியை பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து அழுத்திய வில்லை. ஐப்பசி மழையில் புதுச்சேரியில் அதைப் போட்டவர்களுக்குத் தெரியும், அச்சிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவிக்குள் வைப்பதற்குள் வெளுத்துவிடும். கடல் காற்றின் ஈரம். அதனால் புரோமைடை முந்தைய இரவே 110 டிகிரி அவனில் வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிட்டு, அப்புறம் அரையுங்கள். 3,400, 1,640 பக்கம் (பள்ளங்களின் இடத்தைச் சொல்லும் எண்கள் எல்லாம் அலைஎண், செ.மீ.⁻¹) நிறமாலைக் கோட்டில் அகலமாகப் பள்ளம், அதாவது ஒளி உறிஞ்சப்பட்ட தடம், விழுந்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, பாலிஅனிலினுக்கு வருவோம். அமிலத்தில் செய்த பச்சைப் பொடியில் பாதியை நீர்த்த அம்மோனியாவில் சில மணி நேரம் கலக்கினால் நீலமாகிவிடும், மின்கடத்தலும் ஏறக்குறைய நூறு கோடி மடங்கு விழும். இரண்டையும் ஒரே அளவில், 200 மி.கி. புரோமைடுக்கு 1 மி.கி. போட்டு, ஒரே நாளில் எடுங்கள்.

நீலத்தில் 1,590, 1,500 பக்கம் இரண்டு பள்ளமும் தெளிவாக இருக்கும். பச்சையில் அவை கொஞ்சம் கீழே நகர்ந்திருக்கும், 1,140 பக்கம் அகலமாக ஒன்று ஆழமாக இறங்கும், 2,000-க்கு மேலே போகப் போகக் கோடு முழுக்கச் சரியும். பெல்லட் சரியில்லை என்று நினைத்துப் பலரும் இங்கேதான், கோட்டை மென்பொருளில் நேராக்கும் பேஸ்லைன் கரெக்‌ஷனை அழுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! அந்தச் சரிவுதான் சங்கிலியில் ஓடும் மின்சுமை ஒளியை விழுங்குகிற தடம், நாம் தேடி வந்ததே அதைத்தான். ஆனால் சரியாக அரைக்காத பொடியும் ஒளியைச் சிதறடித்து இதே மாதிரி சரிவைக் காட்டும், நீலத்தை எடுக்கச் சொன்னது அதற்குத்தான்: நீலமும் சரிந்தால் குறை உங்கள் அரைப்பில், மறுபடி அரையுங்கள்.

1,140 ஏன் அவ்வளவு பெரிது? சங்கிலி அதிரும்போது அதிலுள்ள மின்சுமையும் கூடவே அசைகிறது, அதனால் இருமுனைத் திருப்புத்திறன் பெரிதாக மாறுகிறது. டிடிஎஃப் எலக்ட்ரானைத் தர டிசிஎன்க்யூ வாங்கிக்கொள்ளும் டிடிஎஃப்-டிசிஎன்க்யூ மாதிரிப் படிகங்களிலும், அதிர்வும் மின்சுமையும் சேரும் இந்தக் கூட்டு உண்டு. சமச்சீர் அதிர்வுகள் அகச்சிவப்பில் தெரியவே கூடாது, எலக்ட்ரானோடு பிணைந்ததால் தெரிகின்றன என்று 1976-இல் இயற்பியலாளர் ரைஸ் விளக்கினார்.

டிசிஎன்க்யூ கையில் இருந்தால் கார்பன்-நைட்ரஜன் பள்ளத்தைப் பாருங்கள். நடுநிலை மூலக்கூறில் 2,227, ஒரு முழு எலக்ட்ரான் வாங்கியதில் 2,183 பக்கம். இடையில் எங்கே விழுகிறதோ அதை 2,227-இலிருந்து கழித்து 44-ஆல் வகுத்தால் எவ்வளவு மின்சுமை கைமாறியது என்று தோராயமாகக் கிடைக்கும். இதை வைர ஏடிஆரில் (பொடியை வைரப் படிகத்தின் மேல் அழுத்தி அளக்கும் முறை) எடுக்க வேண்டாம், வைரமே அந்த இடத்தில்தான் ஒளியை உறிஞ்சும்.