சமன்பாட்டில் செல்லும், சார்பில் செல்லாது

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகிற லோடு ஆட்டோவுக்கு ஏற்றுகூலி 500 ரூபாய், கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை(தூரம்) = 20 × தூரம் + 500

இது சார்பு. பாடப்புத்தகத்தில் எஃப், எக்ஸ் என்று வருவதைத்தான் இங்கே பெயர் சொல்லி எழுதியிருக்கிறோம். எந்தத் தூரத்தைக் கொடுத்தாலும் ஒரே ஒரு வாடகை வரும்: 10 கொடுத்தால் 700, 15 கொடுத்தால் 800. பிரதியிட்டால் போதும், 'தீர்க்க' எதுவும் இல்லை. "கையில் 1300 ரூபாய்தான் இருக்கு, எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டால் அது சமன்பாடு: 20 × தூரம் + 500 = 1300. இருபுறமும் 500 கழித்து 20 ஆல் வகுத்தால், தூரம் 40.

இந்த 'இருபுறமும் வகு' பழக்கம்தான் சார்புக் கணக்கில் காலை வாரும். சார்பைச் சுருக்கச் சொன்னால், 20 ஆல் வகுத்து 'வாடகை = தூரம் + 25' என்று எழுதிவிடுவார்கள். அதில் 40 போட்டுப் பாருங்கள். 1300 வர வேண்டிய இடத்தில் 65 வரும். எந்த டிரைவர் ஒத்துக்கொள்வார்? சமன்பாட்டில் தீர்வு மாறாதவரை இரு பக்கத்தையும் ஒன்றுபோல மாற்றலாம். சார்பில் எந்தத் தூரத்துக்கும் வருகிற மதிப்பு மாறக் கூடாது. ஆகவே 20 × (தூரம் + 25) என்று காரணிப்படுத்தலாம், அந்த 20 ஐத் தூக்கிப் போட முடியாது. கேட்காமலே பூச்சியத்துக்குச் சமப்படுத்துவதும் வேண்டாத வேலை. தூரம் −25 என்று வந்து நிற்கும்.

அடைப்புக்குறியைப் பெருக்கல் என்று நினைப்பது அடுத்த தப்பு. வாடகை(10 + 5) என்பது 800. வாடகை(10) + வாடகை(5) என்பது 700 + 600, அதாவது 1300. இரண்டு நடை என்றால் ஏற்றுகூலியும் இரண்டு தடவை.

மதிப்பகத்தை, அதாவது சார்புக்குள் எந்தெந்த மதிப்புகளைப் போடலாம் என்பதை, முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து தேங்காய் விழுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால்,

உயரம்(நேரம்) = 20 − 5 × நேரம்²

தரையைத் தொடும் நேரம் வேண்டுமென்றால் பூச்சியத்துக்குச் சமப்படுத்தத்தான் வேண்டும். நேரம்² = 4; 2, −2 இரண்டுமே சமன்பாட்டின் தீர்வுகள். −2 ஐ விலக்குவது மதிப்பகம்: 0 முதல் 2 வினாடி வரை. அதைப் பார்க்காமல் 3 ஐப் போட்டால் −25 மீட்டர் வரும், காய் தரைக்குள் கிணறு வெட்டிக்கொண்டு போயிருக்கும்.

வகுத்தலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். (எண்² − 9) ÷ (எண் − 3) என்ற சார்பைச் சுருக்கினால் எண் + 3 கிடைக்கும், ஆனால் 3 ஐப் போட்டால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும் என்பதால், 3 மதிப்பகத்தில் இல்லை என்று பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். எண்² = 5 × எண் என்ற சமன்பாட்டில் எண்ணால் வகுத்தால் 5 மட்டும் மிஞ்சும், 0 என்ற தீர்வு காணாமல் போகும்; எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்.