ஜெர்மன் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? ‘மையர்’ பெயரை வைத்து ஒரு செய்முறை

ஜெர்மன் குடும்பப் பெயர் ஒன்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் பலர், அகராதியில் பொருளைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். பொருளைக் காட்டிலும், அந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் வேரூன்றியது என்பதே ஒரு குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனியில் மிகப் பரவலாக வழங்கும் பெயர்களுள் ஒன்றான ‘மையர்’ இதைக் கற்றுக்கொள்ள ஏற்றது.

படி 1: எழுத்து வடிவங்களைத் திரட்டுங்கள்

ஒலிப்பு ஒன்றாக இருந்தாலும் இப்பெயருக்கு ஐந்து முக்கிய வடிவங்கள் உண்டு. ரோமன் எழுத்துகளில் முதல் உயிரெழுத்து ‘ஈ’ (e) அல்லது ‘ஏ’ (a) ஆகவும், அடுத்தது ‘ஐ’ (i) அல்லது ‘ஒய்’ (y) ஆகவும் மாறிமாறி வருவதால் நான்கு (Meier, Meyer, Maier, Mayer). ‘ஏ’, ‘ஒய்’ இரண்டும் வந்து, இறுதி ‘ஈ’ விடுபட்டது ஐந்தாவது (Mayr). 1876இல் ஜெர்மன் பேரரசு முழுவதும் குடிமைப் பதிவு நடைமுறைக்கு வந்த பிறகே எழுத்து வடிவம் பெருமளவு நிலைத்தது என்பதால், அதற்கு முந்தைய ஆவணங்களில் ஒரே மனிதரின் பெயரே இருவிதமாக எழுதப்பட்டிருக்கலாம்.

படி 2: பரவலை வரைபடத்தில் பாருங்கள்

தொலைபேசிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட ‘கெயோகென்’ போன்ற வரைபடக் கருவிகள் இதற்கு உதவும். 2005ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்ட ஜெர்மன் குடும்பப் பெயர் நிலப்படம் இத்துறையின் அடிப்படை நூல். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெர்லின், ஹாம்பர்க் போன்ற பெருநகரங்களே பல பெயர்களுக்கு முன்னே நிற்கும். ஆகவே மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது ‘ஈ–ஒய்’ வடிவம் வடமேற்கில், குறிப்பாகக் கீழ்ச் சாக்சனியில், அடர்ந்திருப்பதையும், ‘ஏ’யில் தொடங்கும் வடிவங்கள் தெற்கே திரண்டிருப்பதையும் காணலாம். அறிவியல் வரலாற்றில் நாமறிந்த மூவரே இதற்குச் சான்று. தனிம வரிசை அட்டவணைக்காக அறியப்படும் லோதர் மையர் 1830இல் வடக்கே ஃபாரெல் நகரில் பிறந்தவர். அவர் பெயர் ‘ஈ–ஒய்’. ஆற்றல் அழிவின்மைக் கோட்பாட்டை முன்வைத்த ராபர்ட் மையர் 1814இல் தெற்கே ஹைல்பிரானில் பிறந்தவர், அவருக்கு ‘ஏ–ஒய்’. உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் மையர் 1904இல் பவேரியாவின் கெம்ப்டன் நகரில் பிறந்தவர். ஆஸ்திரியாவிலும் மிகுதியாக வழங்கும் அந்த ஐந்தாம் வடிவமே அவருடையது.

இன்றைய வரைபடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1945க்குப் பிறகு சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா முதலிய பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டதால், அங்கு வேரூன்றிய பெயர்கள் இன்று திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடக்கின்றன.

படி 3: பொருளை இப்போது தேடுங்கள்

இலத்தீன் ‘மாயோர்’ என்ற சொல்லிலிருந்து வந்த இப்பெயர், இடைக்காலத்தில் பிரபு அல்லது மடத்தின் பண்ணையை மேற்பார்த்து, குடியானவர்களிடம் விளைச்சல் பங்கான வாரத்தைத் தண்டிய காரியக்காரரைக் குறித்தது. யூதக் குடும்பங்களில் இதே பெயர் எபிரேய ‘மேயிர்’ என்பதிலிருந்தும் வந்திருக்கலாம். பிரஷ்யாவில் 1812ஆம் ஆண்டு ஆணை யூதர்களை நிலையான குடும்பப் பெயர் ஏற்கச் செய்தது. ஆகவே சமயப் பின்னணியைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 4: தேவாலயப் பதிவேடுகளுக்குச் செல்லுங்கள்

1876க்கு முந்தைய தேடலுக்கு ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே பெரும்பாலும் துணை. கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை ‘மாத்ரிகுலா’ தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்; புராட்டஸ்டண்ட் பதிவேடுகளுக்கு ‘ஆர்கியோன்’ என்ற கட்டணத் தளம் உள்ளது. பழைய ‘குர்ரெண்ட்’ கையெழுத்தில் ‘ஈ’ நம் கண்ணுக்குச் சின்ன ‘என்’ (n) போலத் தெரியும், ‘ஒய்’ மேலே பெரும்பாலும் இரண்டு புள்ளிகள் இருக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பண்ணைக்கு வாரிசான பெண்ணை மணந்து அதில் குடியேறிய ஆண், தன் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்பது வழக்கமாக இருந்தது. ‘எனப்படும்’ என்ற பொருள் தரும் ‘கெனாண்ட்’ என்ற சொல் இரு பெயர்களுக்கு நடுவே வந்தால், முன்னுள்ளது பெரும்பாலும் பிறந்த குடும்பத்தின் பெயர், பின்னுள்ளது பண்ணையின் பெயர். குடும்ப மரத்தில் இரண்டையுமே எழுதிவைத்து, முந்தைய தலைமுறையை ‘கெனாண்ட்’டுக்கு முன்னுள்ள பெயரில் தேடுங்கள்.