மினியேச்சரில் மர ரேகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வார்த்த சின்னப் பெட்டி, பீப்பாய், கோடாரிக் காம்பு, வண்டிச் சக்கரம் இவற்றுக்கு மரத்தின் தோற்றம் கொடுக்கப் பார்க்கும் புதியவர்களைக் கவனிக்கிறேன். என் ஆரம்ப காலக் கோளாறுகள் எல்லாம் வரிசைகூட மாறாமல் வருகின்றன. பிரஷ்ஷைக் கழுவுங்கள், டப்பாவைக் குலுக்குங்கள் என்ற ரகத்தை விட்டுவிடலாம், அதெல்லாம் லேபிளிலேயே இருக்கிறது.

கைக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜையைப் பார்த்து ரேகை வரைவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது, இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. 1/35 ஸ்கேலில் மாடலின் 1 மில்லிமீட்டர் நிஜத்தில் 35 மில்லிமீட்டர். இருப்பதிலேயே மெலிந்த பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மில்லிமீட்டர் கோடு ஒன்று இழுத்தாலும் அது நிஜப் பலகையில் 17.5 மில்லிமீட்டர் அகலம். 1/72 என்றால் 36 மில்லிமீட்டர். விரல் தடிமனுக்கு ரேகை ஓடும் பலகையை யார் பார்த்திருக்கிறார்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறோம். 1/35-இல் அது நிஜப் பொருளைப் பத்தரை மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மரக்கதவைப் பாருங்கள். ரேகை தெரியாது. பலகைக்குப் பலகை நிறம் கொஞ்சம் மாறுவது, இடுக்குகளின் இருட்டு, அழுக்கு ஏறிய ஓரம், இவைதான் தெரியும். கண் அதை மரம் என்று எடுத்துக்கொள்வதும் இவற்றை வைத்துத்தான்.

தெரிந்த ஒருவர் ராணுவ லாரி ஒன்றைப் பிரமாதமாகக் கட்டி, பின்னால் அடுக்கிய மரப்பெட்டிகளில் வெளிர் மஞ்சள் மேல் கரும்பழுப்பில் ஒவ்வொரு ரேகையாக வரைந்திருந்தார். லாரி முழுக்க வரிக்குதிரை ஏற்றியது போல இருந்தது. சரி, அழித்துவிடலாம் என்று பார்த்தால் அக்ரிலிக் கோடுகள் மேடு மேடாகக் காய்ந்திருக்கின்றன, மேலே இன்னொரு கோட் அடித்தாலும் மேடு தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பலகை இடுக்குகளும் ஆணித் தலைகளும் சேர்ந்து போய்விட்டன. கடைசியில் அத்தனை பெட்டியையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே கோடு வரையாதீர்கள். வெளிர் அக்ரிலிக் பேஸ் கோட், அதன் மேல் ஒவ்வொரு பலகைக்கும் லேசாக மாற்றிய நிறம். அப்புறம் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, விறைப்பான காய்ந்த பிரஷ்ஷால் பலகையின் நீளவாக்கில் இழுத்து, போட்டதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். பிரஷ் மயிர்கள் விட்டுப்போகும் கீற்று நம் கையால் வரைய முடிந்த எந்தக் கோட்டையும்விட மெலிது. கீற்றின் நிறம் அடியில் உள்ளதைவிட ஒரு படி கறுத்திருந்தால் போதும். பொம்மை வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் 1/12 என்பதால் அங்கே கொஞ்சம் தாராளமாகப் போகலாம், ஆனால் கொஞ்சம்தான்.

திசை

ரேகை பலகையின் நீளத்தோடு ஓடும், இது எல்லாருக்கும் தெரியும். பலகையின் வெட்டுமுகத்திலும் அதே கோடுகளை இழுத்துவிடுவதுதான் பிரச்சினை. அங்கே வர வேண்டியது மரத்தின் வயது வளையத்தின் துண்டுகள். அழுக்கையும் ஈரத்தையும் அந்த முகம்தான் அதிகம் உறிஞ்சும் என்பதால் ஒரு சாயல் கறுப்பாகவும் இருக்கட்டும். வண்டிச் சக்கரத்தில் ஆரத்துக்கு ஆரம் ரேகை தனி. சக்கரத்தின் வெளி விளிம்பான மர வட்டையும் பல துண்டுகள் சேர்ந்ததுதான், அதைச் சுற்றி ஒரே ரேகையை ஓட்டினால் பொய் என்று உடனே தெரிந்துவிடும்.

கணு

பெட்டிக்கு ஒன்று. இல்லாவிட்டாலும் குறையில்லை.

எனாமல் மேல் ஆயில்

ஆயிலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் எனாமல் பெயின்ட்டையும் கரைக்கும். இரண்டு முறை துடைத்தால் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். பேஸ் அக்ரிலிக்காக இருக்கட்டும்.

அவசர வார்னிஷ்

ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. விரலில் ஒட்டவில்லை என்பதற்காக மேலே வார்னிஷ் அடித்தால் அடியில் இளகியிருப்பது பின்னால் வெடிப்பாக வரும். பெயின்ட்டை முதலில் ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி வைத்தால் உபரி எண்ணெயை அட்டை இழுத்துக்கொள்ளும், காயும் நேரம் குறையும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு

வெயில் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. அதனால் பெயின்ட் இல்லாமல் வெளியே கிடக்கும் வேலிப் பலகை சாம்பல் நிறமாகிவிடும். துப்பாக்கிக் கட்டை எண்ணெய் ஏறிய செம்பழுப்பு. அதற்குக் கடைசியாக டாமியா கம்பெனியின் எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு என்ற ஒளி ஊடுருவும் பெயின்ட்டை நன்றாக நீர்த்து ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள், மேலே பளபளப்பே இல்லாத மேட் வார்னிஷ் வேண்டாம், லேசாக மினுங்கும் சாட்டின் போதும்.