கிளாசிக் காருக்கு வீட்டிலேயே பெயின்ட்: கன்னைத் தூக்கும் முன் காற்றைக் கவனியுங்கள்

பழைய காரைப் பிரித்து, துரு எடுத்து, டிங்கரிங் முடித்து, பட்டி தேய்த்து, பிரைமர் வரைக்கும் பொறுமையாகக் கொண்டுவந்தவர்கள் கடைசிக் கட்டத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் காற்றில்தான். எந்த பெயின்ட், அதைத் தூவும் ஸ்பிரே கன் எது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். அந்த கன்னுக்குள் போகிற காற்று போதுமான அளவு வருகிறதா, அதில் ஈரமோ எண்ணெயோ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதனால் இங்கே காற்று போகிற வழியிலேயே, காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கும் கம்ப்ரெசரில் தொடங்கி கன்னின் முனை வரைக்கும் போகலாம்.

கம்ப்ரெசர் வாங்கும்போது எல்லோரும் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள், அப்புறம் டேங்க் எத்தனை லிட்டர் என்று பார்க்கிறார்கள். நமக்கு வேண்டியது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்ற கணக்கு. முழு அளவு ஹெச்.வி.எல்.பி. கன் (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் வகை) ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 15 கன அடி, அதாவது 280 முதல் 425 லிட்டர் வரை காற்று கேட்கும். கம்ப்ரெசரில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல நேரம் அது பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவு, வெளியே வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நீங்களே அளந்து பார்த்துவிடலாம், கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். டேங்க் காற்றைக் கொஞ்சம் இறக்கி, வெளியேறும் வால்வை மூடி, மோட்டாரை ஓடவிட்டு, கேஜ் முள் 5 பாரிலிருந்து 6 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 1 பார் ஏறினால், டேங்கின் கொள்ளளவு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். 200 லிட்டர் டேங்க் 40 விநாடியில் ஏறினால் நிமிடத்துக்கு 300 லிட்டர்.

கணக்கு உதைத்தால் உடனே புதுக் கம்ப்ரெசர் வாங்க ஓட வேண்டியதில்லை. எல்.வி.எல்.பி. வகை கன் (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) குறைந்த காற்றிலேயே வேலை செய்யும், கதவு, டிக்கி, மட்கார்டு என்று கழற்றி ஒவ்வொன்றாக அடிக்கிறவர்களுக்கு அது நன்றாகவே போதும். ஆனால் பழைய கார்களின் பானெட்டும் கூரையும் அகலமானவை, நடுவில் நிறுத்த இடமே கிடையாது. பாதி தூரத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கிருந்து பெயின்ட் துளி பெரிதாகும், காய்ந்தபிறகு ஒரு பக்கம் கண்ணாடியாகவும் மறுபக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகவும் இருக்கும். மெட்டாலிக் நிறம் என்றால் நிறமே இரண்டாகத் தெரியும்.

அடுத்தது தண்ணீர், இதில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். 30 டிகிரி வெப்பத்தில், ஈரம் முழுக்க நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் தண்ணீர் இருக்கிறது. நிமிடத்துக்கு 300 லிட்டர் வீதம் 10 நிமிடம் அடித்தால் 3 கன மீட்டர் காற்று, அதாவது 90 கிராம் தண்ணீர் கம்ப்ரெசருக்குள் போகிறது. அதில் கொஞ்சம் டேங்கின் அடியில் தங்கும். மீதி? அழுத்தும்போது காற்று சூடாகிவிடுவதால் ஆவியாகவே வெளியே வந்து, ஹோஸில் போகப்போக ஆறி, சரியாக கன்னுக்குப் பக்கத்தில் துளியாகிறது. கம்ப்ரெசரின் வாயிலேயே ஃபில்டரை மாட்டிவிட்டு "ஃபில்டர் போட்டும் தண்ணீர் வருகிறதே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஃபில்டர் பிடிப்பது துளியைத்தான், ஆவி அதைத் தாண்டிப் போய்விடும். முதலில் காற்று ஆற வேண்டும்.

அதற்குச் செம்பு அல்லது இரும்புக் குழாயைச் சுவரில் ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு மேலும் கீழுமாக வளைத்து ஓட்டி, ஒவ்வொரு கீழ் மூலையிலும் தண்ணீர் இறக்க ஒரு சின்னக் குழாய் வால்வு வைத்தால் போதும். பி.வி.சி. குழாயை மட்டும் இதற்குத் தொடவே தொடாதீர்கள். அழுத்தக் காற்றில் அது உடைந்தால் கூரான சில்லுகளாகச் சிதறும், பக்கத்தில் நிற்பவரைக் கிழித்துவிடும். அந்த உலோகக் குழாய்க்குப் பிறகு தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அதற்கடுத்து எண்ணெய்ப் புகையைப் பிடிக்கும் நுண் ஃபில்டர், ஈரப்பதம் அதிகமான பருவம் என்றால் கடைசியாக சிலிக்கா ஜெல் டிரையர். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், காயவைத்தோ மாற்றியோ போடுங்கள். டேங்க் அடியில் இருக்கும் வடிகாலைத் தினமும் திறந்துவிடுங்கள்.

சரி, காற்று சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கம்ப்ரெசரை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, ஹோஸின் நுனியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றடியுங்கள். அப்புறம் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஈரப்புள்ளி இருந்தால் காய்ந்து மறையும். மறையாமல் நிற்கும் ஒளி ஊடுருவும் வட்டம் எண்ணெய். அந்த ஒரு சொட்டு எண்ணெய்தான் பெயின்டில் மீன்கண் மீன்கண்ணாகக் குழி விழ வைக்கிறது. சிலிகான் கலந்த டயர் பாலிஷ், டேஷ்போர்டு ஸ்பிரே எதையும் அந்த அறையில் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஹோஸ் உள் விட்டம் 10 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. ஹோஸ் கைக்கு லேசாக இருக்கும், ஆனால் அழுத்தத்தை வழியிலேயே தின்றுவிடும். ஹோஸை இணைக்கும் கப்ளர் மெலிந்த துளையுள்ளதாக இருந்தாலும் அப்படித்தான். ஏர் டூல்களுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிய ஹோஸை பெயின்ட் வேலைக்குக் கொண்டுவராதீர்கள், தனி ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை கன்னின் அடியில் மாட்டும் சின்ன கேஜில், டிரிகரை அழுத்திப் பிடித்தபடிதான் அமைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது காட்டும் எண் காற்று ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும். ஹெச்.வி.எல்.பி. கன்னில் ஏர் கேப்பில், அதாவது முனையில் காற்று வெளியேறும் மூடியில், வரும் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு (சுமார் 0.7 பார்) மேல் போகாது, அதற்கு நுழைவாயிலில் பெரும்பாலும் 2 பார் அளவில் தேவைப்படும். உங்கள் கன்னுக்கு உரிய எண்ணை அதன் தயாரிப்பாளர் கொடுத்திருப்பார், அதையே வையுங்கள்.

இனி கன். புதுசாக இருந்தாலும் முழுதாகக் கழற்றிக் கழுவுங்கள், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் உள்ளே இருக்கும். கழற்றும்போது முதலில் நீடில் (பெயின்ட் வழியைத் திறந்து மூடும் ஊசி) வெளியே வர வேண்டும், பிறகுதான் நாஸில் (பெயின்ட் வெளிவரும் துளை முனை). மாட்டும்போது நேர்மாறாக, நாஸிலை இறுக்கிவிட்டு நீடிலை நுழைத்துவிடுங்கள். மாற்றிச் செய்தால் நீடிலின் கூர்முனை நாஸிலின் வாயைக் கீறும், அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெயின்ட் சொட்டும். கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப்போடாதீர்கள், சீல்கள் வீங்கிவிடும். ஏர் கேப் துளைகளைக் கம்பியால் குத்தக் கூடாது. பல்குச்சி, மெல்லிய பிரஷ் போதும். நீடில் பேக்கிங்கிலும் டிரிகர் அச்சிலும் சிலிகான் இல்லாத லூப்ரிகன்ட் ஒரு துளி.

நாஸில் அளவு: பேஸ் கோட்டுக்கு (நிறப் பூச்சு) 1.2 அல்லது 1.3 மி.மீ., கிளியர் கோட்டுக்கு (அதன் மேல் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) 1.3 அல்லது 1.4, கனமான ஃபில்லர் பிரைமருக்கு 1.7 முதல் 2.0 வரை. முடிந்தால் பிரைமருக்குத் தனி கன் வைத்துக்கொள்ளுங்கள், மலிவான கன்னே போதும். 1920களில் டூகோ என்ற கார் பெயின்ட் வந்ததிலிருந்து பல பழைய கார்களுக்கு அதே வகையான, சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான் அடித்தார்கள். அதே பூச்சை இப்போது திரும்ப அடிக்க நினைத்தால், அதை நிறையத் தின்னர் விட்டு நீர்க்க அடிக்க வேண்டியிருக்கும், சின்ன நாஸில்தான் சரி.

பெயின்டைக் கலந்தபிறகு, பெயின்டின் கெட்டித்தன்மையை அளக்கும், ஓட்டை போட்ட விஸ்காசிட்டி கப்பில் எத்தனை விநாடியில் வடிகிறது என்று அளந்து, டின்னில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள், வடிகட்டிதான் கன்னின் கப்பில் ஊற்ற வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டின் இருந்தால் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள், டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் மாறும்.

காரைத் தொடும் முன் சுவரில் தாள் ஒட்டிச் சோதியுங்கள். ஏர் கேப்பின் கொம்புகளை மேலும் கீழுமாகத் திருப்பி, 15 செ.மீ. தூரத்திலிருந்து, பெயின்ட் வழியத் தொடங்கும்வரை அசையாமல் அடியுங்கள். வழியும் கோடுகள் அகலம் முழுக்கச் சமமாக இருந்தால் கன் தயார். ஒரு பக்கம் மட்டும் கனமாக வழிந்தால் கேப்பை 180 டிகிரி திருப்பி மறுபடி அடியுங்கள்: கனமும் கூடவே பக்கம் மாறினால் அழுக்கு கேப்பில், மாறாவிட்டால் நாஸிலில் அல்லது நீடிலில். நடுவில் தடித்து ஓரம் மெலிந்தால் பெயின்டைக் குறையுங்கள் அல்லது காற்றைக் கொஞ்சம் ஏற்றுங்கள், நடுவில் பிளந்து இரண்டு கொத்தாக விழுந்தால் காற்று அதிகம். விட்டுவிட்டுத் துப்பினால் நாஸில் தளர்ந்திருக்கும், அல்லது கப் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். இதெல்லாம் சரியானதும் பழைய கதவோ தகரமோ கிடைத்தால் நிற்க வைத்து அடித்துப் பாருங்கள், படுத்திருக்கும் தகரத்தில் வழிதல் தெரியாது.

முகமூடியும் கருவிதான், இதில் சமாதானமே கிடையாது. இறுக வைக்கும் ஹார்ட்னர் கலக்கும் 2கே பெயின்டில் ஐசோசயனேட் என்ற ஆபத்தான வேதிப்பொருள் இருக்கிறது. அதன் ஆபத்து அளவை மூக்கு கண்டுபிடிக்காது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா தொல்லை. தூசி மாஸ்க் எதற்கும் ஆகாது, சுவாசிக்கத் தகுந்த காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும், கையுறையும், முழு உடுப்பும் வேண்டும். அது இல்லையென்றால் 2கே வேலையைத் தொழில்முறை பெயின்ட் பூத்துக்கு (பெயின்ட் அடிப்பதற்கென்றே உள்ள அறை) விட்டுவிடுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். அதனால் கம்ப்ரெசர் வெளியே இருக்கட்டும், சாதாரண மோட்டார் உள்ள ஃபேன், ஹீட்டர், எரியும் அடுப்பு எதுவும் அறையில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: அடிக்கத் தொடங்கும் முன்பே, கழுவும் தின்னரையும் பிரஷ்களையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். ஹார்ட்னர் கலந்த பெயின்ட் கன்னுக்குள் இறுகினால் எடுப்பது கஷ்டம், கடைசி கோட் முடிந்த கையோடு கழுவிவிட வேண்டும்.