உபுண்டுவில் ஓடிய ஸ்கிரிப்ட் மேக்கில் ஏன் நின்றது?

குளங்களின் நீர்மட்டக் குறிப்புக் கோப்பிலிருந்து இரணைமடு, முத்தையன்கட்டு வரிகளை மட்டும் எடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினேன். கிளிநொச்சியில் என் உபுண்டு லினக்ஸில் நன்றாக ஓடியது. வவுனியாவில் தம்பியின் மேக்கில் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

காரணம், வரிகளைத் தேடும் கட்டளையான கிரெப்பின் (grep) ‘-பி’ (-P, பெரிய எழுத்து). அது லினக்ஸில் வழக்கமாக வரும் க்னூ கிரெப்பின் வசதி, மேக்கின் கிரெப்பில் இல்லை. பதிலுக்கு, உரையைத் தேடி மாற்றும் கட்டளையான செட்டை (sed) ‘-என்’ (-n) உடன் ஓட்டி, மாற்றீட்டின் கடைசியில் சிறிய ‘பி’ (p) போடுங்கள். பொருந்திய வரிகள் மட்டும் வரும். கோப்பை அதே இடத்தில் மாற்றும் செட்டின் ‘-ஐ’யும் (-i) வேண்டாம். மேக்கில் அதற்குப் பின்னால் ஒரு பின்னொட்டு, குறைந்தது வெற்று மேற்கோளாவது கேட்கும். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றினால் சோலி முடிந்தது.

தமிழ் உரைக்கு இன்னொரு பொறி உண்டு. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ‘க’ என்பது 3 பைட். ‘கி’ என்றால் 6. வரியிலிருந்து துண்டை வெட்டி எடுக்கும் கட்டளையான கட்டின் (cut) ‘-சி’ (-c) பல லினக்ஸ்களில் பைட்டைத்தான் எண்ணும், எழுத்து நடுவில் உடைந்து கேள்விக்குறியாக வரும். நான் அரை நாள் எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன்! இடத்தை எண்ணாமல், டேப்பால் பிரித்து ‘-எஃப்’ (-f) கொண்டு எடுங்கள்.

அப்புறம், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடிப்படை நிறுவலில், ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்களில் ஒன்றான பாஷ் (bash) வராது. அதனால் பாஷுக்கே உரிய வசதிகளைத் தவிர்த்து, உபுண்டுவிலேயே டாஷ் (dash) என்ற எளிய ஷெல்லில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.