சரிவு, மூடல், திவால்: வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாத சொற்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என் பெரியப்பாவுக்கு இரண்டு ஜவுளிக் கடைகள் இருந்தன. வாடகை கட்டுப்படியாகாமல் ஒன்றைக் காலி செய்தார். "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராமே" என்று ஒரு பேச்சு கிளம்பியது. கடனுக்குச் சரக்கு போட்டவர்கள் ஒரே வாரத்தில் வந்து நின்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கடையும் ஆறு மாதத்தில் போனது. அதற்கப்புறம் இந்த மாதிரிச் சொற்களை யார் சொன்னாலும் நிறுத்திக் கேட்கிறேன்.

கடையை மூடுவது வேறு, நட்டப்படுவது வேறு, திவாலாவது வேறு. லாபத்தில் இருக்கும்போதே ஒருவர் கடையை மூடலாம். நட்டத்தில் பத்து வருஷம் ஓட்டுகிறவர்களும் உண்டு. கடனைக் கட்ட முடியாது என்பது சட்டப்படி முடிவானால்தான் திவால். கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி வழக்கு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். மனு போட்ட அன்றே செய்தியில் 'திவாலானது' என்று எழுதிவிடுகிறோம், அது தவறு. மனுவை ஏற்றுக்கொண்ட பிறகும், கம்பெனியை எடுத்து நடத்த ஆள் கிடைக்குமா என்று தேடும் காலம் ஒன்று இருக்கிறது. வழக்கு இழுபறியையும் சேர்த்து 330 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் வேறு கைக்கு மாறிப் பிழைத்த கம்பெனிகளும் உண்டு. 'திவால் மனு தாக்கல்' என்று மட்டும் எழுதினால் போதும். சரக்கு போட்டவரும் பதறாமல் தன் பாக்கியைக் கேட்டு மனு கொடுப்பார்.

பங்குச் சந்தைச் செய்தியில் அடிக்கடி வரும் தவறு, புள்ளியை மட்டும் சொல்வது. 2024 ஜூன் 4 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் சுமார் 4,390 புள்ளி இறங்கியது. 2020 மார்ச் 23 அன்று இறங்கியது சுமார் 3,935 புள்ளி. புள்ளியைப் பார்த்தால் 2024தான் பெரிய அடி. சதவீதத்தில் பார்த்தால் அது 5.7, கொரோனா நாளில் 13. இதைச் சொல்லாமல் 'வரலாறு காணாத வீழ்ச்சி' என்று தலைப்பு போட்டால், சேமிப்பைப் போட்டு வைத்திருக்கிற ராயபுரத்து ரிட்டயர்டு மனிதர் பயத்தில் அன்றைக்கே விற்றுவிடுவார். இன்னொன்று: 50 சதவீதம் இறங்கியது, மறுபடி 50 சதவீதம் ஏறியது என்றால் பழைய விலைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். 100 ரூபாய் 50 ஆகி, அப்புறம் 75தான் ஆகியிருக்கிறது.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு முக்கியமான சொல் லே-ஆஃப். இப்போதெல்லாம் வேலையை விட்டு அனுப்புவதையே அப்படிச் சொல்கிறார்கள். தொழிலாளர் சட்டத்தில் லே-ஆஃப் என்றால், ஆள் வேலையில்தான் இருக்கிறார், வேலை கொடுக்க மட்டும் தற்காலிகமாக முடியவில்லை என்று பொருள். தகுதியுள்ளவருக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. ஆட்குறைப்பு என்றால் வேலையே போய்விட்டது. வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஒன்றை மற்றொன்றாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் பணம் போய்விடும்.

கதவடைப்பும் அப்படித்தான். அது நிர்வாகம் தற்காலிகமாகக் கதவைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்துவது, ஆலையை மூடிவிடுவது அல்ல. பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது; அதைக் கதவடைப்பு என்று எழுதக் கூடாது.

கடைசியாக, 'திட்டம் கைவிடப்பட்டது' என்ற வாக்கியம். யார் கைவிட்டது? கம்பெனியா, அரசா, கடன் தர மறுத்த வங்கியா? 'கிடப்பில் போடப்பட்டது' என்பது இதைவிடவும் மோசம், ஏனென்றால் திரும்ப வருமா வராதா என்றே தெரியாது. ஆலை வருகிறது என்று நம்பி மீஞ்சூர் பக்கம் கடன் வாங்கி டீக்கடை போட்டவருக்கு அது தெரிய வேண்டும். 'பணம் கிடைக்காததால் கம்பெனி இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது, மறுபடி தொடங்கத் தேதி எதுவும் சொல்லவில்லை' என்று எழுதுங்கள். கடையை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.