பறையோடு ஒரு மூன்று நிமிட வீடியோ: முதன்முறை எடுப்பவர்களுக்கு

பறையாட்டம் பழகிக்கொண்டிருக்கிறீர்கள், அதை வைத்துச் சொந்தமாக ஒரு நிகழ்த்துகலை வீடியோ செய்ய ஆசை. போனும் ஸ்டாண்டும் போதும். மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்வதல்ல இது, கேமராவுக்காகவே ஆடுவது.

1. கேள்வி

வீடியோ ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: பறையைச் சாவு வீட்டில் அடித்தால் இழிவு, மேடையில் அடித்தால் கலை என்கிறார்களே, அடிக்கிற கை ஒன்றுதானே? பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகும் ஊர்த்தெருவில் இந்தக் கேள்வி தீர்ந்தபாடில்லை. நீங்கள் பறையடிக்கும் குடும்பத்தில் பிறந்தவரா, வகுப்பில் கற்றவரா என்பதும் வீடியோவில் தெரியட்டும். அதை மறைத்தால் ஆட்டமே பொய்யாகிவிடும். கற்றுக்கொடுத்த ஆசானிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

2. பறை காய்ச்சுவதிலிருந்து தொடங்குங்கள்

பலரும் வெட்டியெறிவது இதைத்தான். எனக்கோ இதுதான் உயிர். வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினால் தோல் இறுகும். விரலால் தட்டிப் பார்த்தால் தொப்பென்று கிடந்த ஓசை மெல்ல டங்கென்று எழும். அது காதில் விழும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள். தீ அசைய அசைய போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள்.

3. கால் தெரியட்டும்

போனைப் படுக்கைவாட்டில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். அடவு, அதாவது ஆட்டத்தின் அசைவு, காலில் இருக்கிறது. பாதம் வெட்டுப்பட்டால் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

4. ஒரே அடவு, இரண்டு இடம்

1945இல் மாயா டெரன் எடுத்த குறும்படத்தில், ஆடுபவர் காட்டில் தூக்கிய காலை வீட்டுக்குள் வைப்பார். நமக்கும் இது பொருந்தும்: தெருவில் தூக்கிய கால் மேடையில் ஊன்றட்டும். இரண்டு இடத்திலும் அதே உடை, அதே தூரம், அதே உயரம். கால் மேலே நிற்கும் நொடியில் வெட்டி ஒட்டுங்கள். தெருவில் பதிந்த அடியை இயர்போனில் கேட்டபடியே மேடையில் ஆடினால் வேகம் பிசகாது. பிறகு மேடைக் காட்சிக்கும் அந்தத் தெரு ஓசையையே போடுங்கள்.

5. ஒலி

பக்கத்தில் வைத்த போனில் பறை கரகரத்துவிடும். இன்னொரு போனை 15 அடி தள்ளி வைத்து ஒலியை மட்டும் பதியுங்கள். தொடங்குமுன் அடிக்குச்சியால் ஒரே ஒரு அடி. எடிட்டிங்கில் அந்த அடியை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்த வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய் நிறுத்தாதீர்கள். மூச்சிரைப்பு அடங்கும்வரை கேமரா ஓடட்டும்.